இரட்சிப்பின் தேதி

திருவிருந்துக்கு ஆண்கள் பக்கம் முடிந்து பெண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சு எழுந்துவிட்டது. தன் முறை வர இன்னும் எட்டுப் பெஞ்சு இருக்கிறது, ஒரு பெஞ்சுக்கு மூன்று நிமிஷம் வைத்தாலும் இருபத்துநாலு நிமிஷம், அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று ஒன்பதாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்த குணசீலி டீச்சர் கணக்குப் போட்டாள். முப்பத்துமூன்று வருஷம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு எதையும் எண்ணாமல் இருக்கத் தெரியாது. கூரையில் எத்தனை உத்தரம், பலிபீடத்து விரிப்பில் எத்தனை சிலுவை, பாடகர் குழுவில் எத்தனை பேர் பாட்டுத் தெரியாமல் வாயை மட்டும் அசைக்கிறார்கள், எல்லாம் எண்ணியாயிற்று. முடிவு மட்டும் வரவில்லை. திருவிருந்துக்குப் போவதா, இருந்த இடத்திலேயே இருந்துவிடுவதா. அடுத்தவர்களுக்கு இது ஒரு விஷயமா? முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரோடும் போய், கம்பி முன்னால் முழங்காலிட்டு, வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டி, அப்பத்தை வாங்கித் தின்றுவிட்டு வரவேண்டியது. அறுபத்திரண்டு வயசுக்கு எத்தனை தடவை போயிருப்பாள். ஆனால் இந்தச் சபையில் போகாமல் உட்கார்ந்தவர் யாரும் தப்பியது கிடையாது. உட்கார்ந்தால் மூன்று காரணம்தான்: யாரோடாவது சண்டை, பிள்ளை யாரையாவது கூட்டிக்கொண்டு ஓடிவிட்டது, இல்லையென்றால் சபை ஒழுங்கு நடவடிக்கை. பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளரான இவளே உட்கார்ந்தால் நாலாவது காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க மத்தியானச் சாப்பாடு வரைக்குமாவது ஊர் மெனக்கெடும். கெடட்டும். புதன்கிழமை ஆபரேஷன். வயிற்றுக்குள் இருக்கிற கட்டி என்ன கட்டி என்று திறந்து பார்த்தால்தான் சொல்லமுடியும் என்று டாக்டர் அம்மா சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டாள், ஏதோ அலமாரியைத் திறந்து பார்ப்பதுபோல. திறக்கிறவர்களுக்கு என்ன, மூடமுடியாமல் போனால் போகிறவள் இவளல்லவா. போகிற இடம் எது என்று தெரிந்தால் போதும். அது ஒன்றுதான் தெரியவில்லை.

தெரியவில்லை என்று இவள் யாரிடம் சொல்லமுடியும்? ஊரிலேயே தேதி உள்ள மனுஷி இவள். மே மாதம் பதினாலாம் தேதி. வேதப்புத்தகத்தின் முதல் தாளில், அப்பா எழுதிக்கொடுத்த பெயருக்குக் கீழே, இவள் கையெழுத்திலேயே சிவப்பு மையில் இருக்கிறது: இரட்சிக்கப்பட்ட நாள். பிறந்த நாளுக்கு யாரும் ஒன்றும் செய்ததில்லை, அந்த நாளுக்கு வருஷாவருஷம் வீட்டில் பாயாசம் உண்டு, சங்கக் கூட்டத்தில் சாட்சி உண்டு. பதினேழு வயசில், கன்வென்ஷன் பந்தலில், மத்தியானக் கூட்டத்தில், ஆண்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், நான் கையை உயர்த்தினேன், அன்றிலிருந்து என் உள்ளத்தில் சமாதானம் என்று சொல்லிச் சொல்லி வார்த்தைகள் வாயிலேயே பழகிப்போயின, யோசிக்காமலே வரும். நடந்தது இதுதான்: பனையோலைப் பந்தல், கீழே சுடுமணல், மே மாதத்து வெக்கை, மூவாயிரம் பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். இன்றைக்கு ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை மட்டும் உயர்த்துங்கள், யாரும் பார்க்கவேண்டாம் என்று பிரசங்கியார் குரல் தழுதழுக்கிறது. இவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரம் வழுக்கிக்கொண்டு வந்தது. விழுந்தால் மணலாகிவிடும், வாங்கிக்கொடுத்த அம்மா திட்டுவாள். கொண்டையூசியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். சட்டையில் ஊழியர் அட்டை குத்தியிருந்த ஒரு அக்கா எங்கிருந்தோ வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘ஆண்டவர் ஒன்னத் தொட்டுட்டாரும்மா, எந்திரி’ என்றாள். கண் நிறைய அவளுக்குக் கண்ணீர். அந்தக் கண்ணீருக்கு முன்னால், பூ சரியுது அக்கா என்று எந்தப் பிள்ளைக்குச் சொல்லவரும்? எழுந்து போனாள். முன்னால் முழங்காலில் நின்ற நாற்பது ஐம்பது பேரோடு நின்றாள். எல்லோரும் அழுதார்கள், இவளும் அழுதாள், அது மட்டும் பொய்யில்லை, ஆனால் பயத்தில் அழுததா, வெட்கத்தில் அழுததா, அதற்குள் கொஞ்சமாவது மற்றது இருந்ததா என்று நாற்பத்தைந்து வருஷமாகத் துருவித் துருவிப் பார்க்கிறாள். பூ விழுந்துவிட்டது. அது நன்றாக நினைவிருக்கிறது, யாரோ மிதித்தார்கள். சாயங்காலம் அட்டையில் தேதி போட்டுக் கொடுத்தார்கள். அப்பா சேவல் அடித்தார்.

இரண்டாவது பெஞ்சு திரும்பி வந்தது. கோயில்பிள்ளை தாசையா மூன்றாவது பெஞ்சின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டார். கோயிலைக் கூட்டி, மணியடித்து, விளக்கு வைத்து, திருவிருந்து நாளில் பெஞ்சு பெஞ்சாக ஆட்களை எழுப்பிவிடுவது அவர் வேலை. வாயைத் திறக்கமாட்டார். பெஞ்சு ஓரத்தை விரல் தொட்டால் எழுந்துவிடவேண்டும், அதுதான் வழக்கம். அந்த விரலைப் பார்த்ததும் குணசீலி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவரைப் பார்க்கக்கூடாது, அவர் வீட்டை நினைக்கக்கூடாது, வேறு எதையாவது நினைக்கவேண்டும். கல்யாணத்தை நினைக்கலாம். அருமைநாயகத்தின் அம்மா பெண் பார்க்க வந்தபோது நகையைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை, ‘பிள்ளைக்குத் தேதி உண்டுமா?’ என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அப்பா பெருமையாக வேதப்புத்தகத்தை விரித்துக் காட்டினார். ஆக, ஒரு கொண்டையூசியில் நல்ல புருஷன் கிடைத்தான், நல்ல பேர் கிடைத்தது, ஞாயிறு பள்ளிக்கு மூத்த ஆசிரியை ஆனாள், சங்கத்துக்குச் செயலாளர் ஆனாள். சிரிப்புக்கூட வருகிறது. சரி, அன்றைக்குத்தான் பொய், அதற்குப் பிறகாவது மெய்யாக ஒரு தடவை செய்திருக்கலாமே என்றால், செய்யாமலா இருந்தாள். எத்தனை தடவை அடுப்படியில், கிரைண்டருக்குப் பக்கத்தில், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஆண்டவரே அது கணக்கில் இல்லை, இதை வைத்துக்கொள்ளும் என்று மன்றாடியிருக்கிறாள். எழுந்திருக்கும்போதே அடுத்த சந்தேகம் வந்துவிடும். இப்போதுதான் மெய்யென்றால் இத்தனை வருஷம் சொன்ன சாட்சி என்ன? அதை எல்லோர் முன்னாலும் பொய் என்று சொன்னால்தானே இது மெய்? சொல்ல மனசில்லையே, அப்படியானால் இதுவும் மெய்யில்லை. பயப்படுகிறவனுக்குத்தான் விசுவாசம் இருக்கிறது, இல்லாதவனுக்குப் பயமே வராது என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டு, ஒரு வாரம் நிம்மதியாக இருந்தாள். எட்டாம் நாள், நிம்மதியாகிவிட்டேனே, பயம் போய்விட்டதே, அப்படியானால் விசுவாசமும் போயிற்றா என்று பிடித்துக்கொண்டது. பயப்பட வேண்டுமே என்று பயந்தால் அது பயத்தில் சேருமா? இதற்கு விடை உள்ள புத்தகம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. செக்குமாடுகூட ஒரு நேரத்தில் அவிழ்த்துவிடப்படும்.

நாலாவது பெஞ்சு. மின்விசிறி கீச்சிட்டது. திராட்சரசத்தின் வாசனை இங்கே வரைக்கும் வந்தது, இனிப்பும் புளிப்புமாக, குமட்டிற்று. வயிற்றின் இடது பக்கம் அது இருக்கிறது, கையை வைத்தால் தெரிகிறது, வைக்காவிட்டாலும் தெரிகிறது. நினைக்கக்கூடாது என்றால் மனசு கேட்கிறதா, தாசையாவின் வீட்டுக்குத்தான் போய் நின்றது. கோயில் காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் இரண்டு அறை வீடு. போன ஐப்பசியில் அவர் மனைவி பேரின்பம் அந்தக் கட்டிலில் கிடந்தாள், கண்ணெல்லாம் மஞ்சள், கால் வீங்கி. டாக்டர்கள் கைவிட்டாயிற்று. சங்கத்தின் சார்பாகச் செயலாளர் போய் ஜெபம் பண்ணவேண்டும், போனாள். ஜெபம் பண்ணிவிட்டு வந்திருக்கலாம். ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். இவளுக்கு நாக்கு சும்மா இருந்ததா. ‘பேரின்பம், மோட்சத்துக்குப் போவோம்னு நிச்சயம் உண்டா? எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்டிய?’ என்று கேட்டாள். அந்த மனுஷி மலங்க மலங்க விழித்தாள். ‘தேதியா? நெனவு தெரிஞ்ச நாள்லருந்து இந்தக் கோயிலத் தூத்துக்கிட்டுக் கெடக்கேன். அவரு இருக்காருன்னு தெரியும். எப்பத்திலருந்து தெரியும்னு யாரு கண்டா டீச்சரம்மா?’ அந்தப் பதிலைக் கேட்டதும் இவளுக்குள் ஏதோ எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. தேதி இல்லாமல் இவ்வளவு சாதாரணமாக ஒருத்தி படுத்துக்கிடக்கிறாளே, தேதியை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு என்ன என்ற பொறாமை. அது அப்போது தெரியவில்லை, ஆத்துமாவின்மேல் உள்ள பாரம் என்று நினைத்துக்கொண்டாள். ‘பொறந்த தேதி இல்லாம ஆளு உண்டுமா பேரின்பம்? மறுபடி பொறந்ததுக்கும் தேதி வேணும்லா?’ என்று பாடம் எடுத்தாள். மறுநாளும் போனாள். மூன்றாம் நாளும் போனாள்.

ஐந்தாவது பெஞ்சு எழுந்ததை அவள் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பேரின்பம் பயந்துபோயிருந்தாள். அந்தப் பயத்தை உண்டாக்கியவள் இவள், அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள். சுவரில் தொங்கிக்கொண்டிருந்த காலண்டர் இப்போது தலைமாட்டில் கிடந்தது. ராத்திரியெல்லாம் அதை எடுத்துத் தரச்சொல்லி ஒவ்வொரு தாளாகத் தடவினாள் என்று தாசையா சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, குற்றமாகச் சொல்லவில்லை, அவர் சுபாவம் அது. ‘எதச் சொல்ல டீச்சரம்மா? நீங்க படிச்சவிய, நீங்களே ஒண்ணு பாத்துச் சொல்லுங்க’ என்று பேரின்பம் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீங்கின கை, விளக்குமாறு பிடித்துக் காய்த்துப்போன கை. இவள் என்ன சொன்னாள்? பூ சரிந்ததைச் சொன்னாளா? எனக்கும் இல்லை பேரின்பம், என்னுடையது கொண்டையூசி என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகச் சிரித்திருப்பார்கள், ஒருவேளை இரண்டு பேருமாக அழுதிருப்பார்கள், அதுவே போதுமாயிருந்திருக்கும். ‘இன்னைக்குத் தேதியையே வச்சுக்கிடுங்க’ என்றாள். கடையில் பொருள் இல்லாவிட்டால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று தருவார்களே, அப்படி. பேரின்பம் கூரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: ‘அப்பம் இதுவரைக்கும் நான் எங்க இருந்தேன்?’ பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்தாள். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆனவளுக்கு என்ன பள்ளிக்கூடம்? மறுநாள் விடியற்காலையில் துக்கமணி அடித்தது. தன் பெண்டாட்டிக்குத் தாசையாவே அடித்தார். அடக்கத்தில் இவள்தான் சங்கத்தின் சார்பாக இரங்கல் வாசித்தாள்.

ஆறு. ஏழு. இப்போது நேரம் ஓட்டமாக ஓடியது. அபாத்திரமாய், தகுதியில்லாமல், வாங்கினால் என்ன ஆகும் என்று சின்ன வயசிலிருந்து படித்த பயம் இப்போது கட்டியோடு சேர்ந்துகொண்டது. ஒருவேளை அந்தக் கட்டியே அதுதானோ, பேரின்பம் செத்த மாசத்தில்தானே முதல் வலி வந்தது, இல்லை அதற்கு முந்தின மாசம், இல்லை. கடவுள் அப்படிப்பட்டவர் இல்லை என்று பிள்ளைகளுக்கு இவளே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவர் இல்லை என்றால் எப்படிப்பட்டவர்? தெரிந்த ஆள் மாதிரி நாற்பத்தைந்து வருஷம் பேசியாயிற்று, எதிரில் வந்தால் அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம். அவருக்காவது இவளைத் தெரியுமா? இன்றைக்காவது ஒரு காரியம் நேர்மையாகச் செய்யவேண்டும். உட்கார்ந்துவிடவேண்டும். நான் உள்ளே இல்லை, வெளியே நிற்கிறேன் என்று அவர் முன்னால் ஒரு தடவையாவது மெய் சொல்லிவிட்டுப் புதன்கிழமை அந்த மேஜையில் ஏறிப் படுக்கலாம். நரகத்துக்குப் போனாலும் பொய் சொல்லாமல் போனேன் என்று இருக்கட்டும். இந்த வீராப்பெல்லாம் எவ்வளவு நேரத்துக்கு என்று அவளுக்கே தெரியும். ஆண்கள் பக்கத்தில் அருமைநாயகம் கண்ணை மூடி இருந்தார். வாங்கிவிட்டு வந்து இவளுக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பார். நேற்று இட்லி தின்றுகொண்டே, ‘ஒனக்கென்ன கொணசீலி, எப்ப கூப்பிட்டாலும் நீ ரெடி, எனக்குத்தான் பயமா இருக்கு’ என்று குரல் உடைந்தவர். அவருக்கும் சொல்லவில்லை. அவருடைய அம்மா கேட்ட ஒரே கேள்விக்கு வந்த பதில் அல்லவா இவள்.

எட்டாவது பெஞ்சு போய்விட்டு வந்தது. விரல் வந்தது. கறுத்து, நகம் வெடித்த இரண்டு விரல், இவளுக்குப் பக்கத்தில் மரத்தைத் தொட்டது. உள்ளே இருந்தவர்கள் எழுந்தார்கள். இவள் ஓரத்தில் இருப்பதால் இவள் எழுந்தால்தான் வரிசை நகரும். எழவில்லை. முழங்காலைப் பக்கவாட்டில் திருப்பி வழி விட்டாள். பக்கத்து வீட்டு வயலட் தாண்டிப் போகும்போது, ‘என்ன டீச்சர்?’ என்றாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். ஏழு சேலைகள் உரசிக்கொண்டு போயின. பிறகு பெஞ்சில் இவள் மட்டும். இவ்வளவு நீளமான பெஞ்சா இது. தாசையா உடனே நகரவில்லை, விரலை எடுக்காமல் நின்றார், இவள் அந்த விரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பிறகு விரல் போயிற்று. பத்தாவது பெஞ்சுக்கு நகரும் செருப்பில்லாத காலடி கேட்டது. ஆயிற்று. சொல்லியாயிற்று. நேர்மையாக ஒன்று செய்தால் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தாள், அப்படி ஒன்றும் ஆகவில்லை, வெறும் உட்கார்ந்திருத்தலாகத்தான் இருந்தது, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நிற்பதுபோல. பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். அருமைநாயகம் கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் பார்த்தார். போன ஏழு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், பன்னிரண்டாவது பெஞ்சோடு பெண்கள் முடிந்தார்கள். இனி குருவானவர் அப்பத் தட்டை வெள்ளைத் துணியால் மூடுவார், கடைசிப் பாட்டு, ஆசீர்வாதம், வீடு.

ஐயர் மூடவில்லை. தாசையா படியேறிப்போய் அவர் காதருகில் ஏதோ சொன்னார். இந்த ஊரில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வது. அடுத்த மாசம் ஓய்வு பெறப்போகிற மனுஷன், இரண்டு முழங்காலும் போய்விட்டது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு, தாசையா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, படியிறங்கி நடுவழியில் வர ஆரம்பித்தார்கள். நடக்கமுடியாத கிழடுகளுக்கு இருக்கிற இடத்தில் கொண்டுவந்து கொடுப்பதும் இங்கே வழக்கம்தான். யாருக்கு என்று குணசீலி திரும்பிப் பார்த்தாள். பின்னால் அப்படி யாரும் இல்லை. அட பாவமே, தனக்குத்தான். முடியாமல் உட்கார்ந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பந்தலிலும் இப்படித்தான் ஒருத்தி தேடிக்கொண்டு வந்தாள். ஆயுசில் ஒரு தடவை மெய் சொன்னால் அதையும் தப்பாகவே எடுத்துக்கொள்ள ஆள் வந்துவிடுகிறது. ஐயர் ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு, கெந்திக் கெந்தி வந்தார், எல்லாத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இந்தத் தடவை வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. அவர் குனிந்தார். மூச்சு வாங்கியது.

‘ஐயா, நான் முடியாம உக்காரல’ என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்குக் கேட்கிற அளவுக்குத்தான் குரல் எழும்பியது. ‘எனக்கு நிச்சயம் இல்லங்கய்யா. எப்பவுமே இருந்ததில்ல. அந்தத் தேதி பொய்.’

ஐயர் இவளைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய, களைத்த கண்கள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. ‘சரிம்மா’ என்றார். ‘கையை நீட்டுங்க. முட்டி வலிக்கி, ரொம்ப நேரம் குனிய முடியல.’

அவ்வளவுதானா. நாற்பத்தைந்து வருஷத்துக்கு ஒரு சரிம்மா. இவள் தாசையாவைப் பார்த்தாள், அப்போதுதான் பார்த்தாள், ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். ‘வாங்கிக்கிடுங்க டீச்சரம்மா’ என்றார் மெதுவாக. ‘நீங்க கடைசியா வந்துட்டுப் போன அன்னைக்கு அந்தியில ஐயர் வந்தாவ. அவளும் இதேதான் சொன்னா. ஐயரும் இதேதான் சொன்னாவ. தேதியில்லாமத்தான் வாங்குனா.’ மன்னித்துவிட்டுச் சொல்கிறாரா, மறக்கவில்லை என்று சொல்கிறாரா, அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கும் தகுதியும் தனக்கில்லை என்று தோன்றியது. பேரின்பம் வாங்கினாள். பயத்தோடு வாங்கினாளா, பயம் போய் வாங்கினாளா? கேட்கலாம். கேட்டால் சொல்வார். கேட்கவில்லை.

கை நீண்டிருந்தது. அவள் நீட்டினாளா, பழக்கத்தில் அதுவாக நீண்டதா, தெரியாது. வலது கை இடது கைமேல் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்பம் விழுந்தது. காகிதம்போலக் கனமில்லாத அந்த வட்டத்தை வாயில் போட்டாள். பாத்திரத்தை வாங்கி ஐயர் இவள் உதட்டில் சரித்தபோது ஒரு சொட்டு நாடியில் வழிந்தது. அதைத் தாசையா தோளில் கிடந்த வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டார், பிள்ளைக்குத் துடைப்பதுபோல. இருவரும் பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, எப்போதும் ஒட்டுவதுதான், நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சமாதானம் ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. வயிற்றில் அது இருந்தது, புதன்கிழமை அப்படியே இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான், கேட்டவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் தாசையா. வயலட் குனிந்து, ‘ரொம்ப முடியலியா?’ என்றாள். ஆமாம் என்று தலையாட்டினாள். பாட்டு ஆரம்பித்து எல்லோரும் எழுந்தார்கள், இவளும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெஞ்சில் வேதப்புத்தகத்தின் முதல் தாள் விரிந்து கிடந்தது, சிவப்பு மை மங்கியிருந்தது. இன்றைக்கு என்ன தேதி என்று யோசித்தாள். சட்டென்று நினைவுக்கு வரவில்லை. வயலட்டிடம் கேட்கலாம் என்று நினைத்தாள், கேட்காமல் புத்தகத்தை மூடினாள்.